முடி கொட்டுகிறது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

முடி விஷயத்தில் நாம் பயப்படுவது பெரும்பாலும் தவறான இடத்தில்தான். சீப்பில் கொத்தாக வந்தால் பதறுகிறோம். அப்படித் திடீரென்று கொட்டுவது பல நேரம் தானாகவே சரியாகிவிடும். சத்தமில்லாமல் மெலிந்துகொண்டே போகும் முடியைத்தான் வருடக்கணக்கில் கண்டுகொள்ளாமல் விடுகிறோம். அதற்குத்தான் சீக்கிரம் மருந்து தேவை. உங்களுக்கு வந்திருப்பது எந்த வகை என்று தெரிந்துகொள்ளாமல் எந்த எண்ணெயும் மாத்திரையும் வாங்க வேண்டாம். கீழே உள்ள பதில்கள் எல்லாம் அதை ஒட்டியே இருக்கும்.

ஒரு நாளைக்கு எத்தனை முடி வரை கொட்டலாம்?

50 முதல் 100 வரை இயல்பு. தலையில் ஏறக்குறைய ஒரு லட்சம் முடி இருக்கிறது. ஒவ்வொரு முடியும் 2 முதல் 6 வருடம் வளரும், அப்புறம் இரண்டு மூன்று வாரத்தில் வளர்ச்சியை நிறுத்தும், சுமார் மூன்று மாதம் சும்மா இருக்கும், பிறகு விழும். அதே மயிர்க்காலிலிருந்து புது முடி கிளம்பும். எந்த நேரத்திலும் பத்தில் ஒரு பங்கு முடி இந்த ஓய்வில்தான் இருக்கிறது.

தினமும் உட்கார்ந்து எண்ண வேண்டாம், மனம்தான் கெடும். மூன்று நாளைக்கு ஒருமுறை தலைக்குக் குளிப்பவருக்கு அந்த மூன்று நாள் முடியும் ஒரே நேரத்தில் வரும். அதைப் பார்த்து மிரளத் தேவையில்லை. வீட்டிலேயே ஒரு சின்னச் சோதனை செய்யலாம். தலைக்குக் குளித்து ஒரு நாள் கழித்து, ஐம்பது முடி அளவுக்கு ஒரு கற்றையை விரல்களுக்கு நடுவே பிடித்து, வேரிலிருந்து நுனி வரை மெதுவாக, ஆனால் அழுத்தமாக இழுங்கள். ஒன்றிரண்டு கையோடு வந்தால் பரவாயில்லை. தலையின் நாலு பக்கமும் இழுத்து, ஒவ்வொரு முறையும் ஆறுக்கு மேல் வந்தால் இப்போது முடி கொட்டும் வேகம் கூடியிருக்கிறது என்று அர்த்தம்.

கொட்டிய முடியின் அடியில் வெள்ளையாகக் குண்டூசித் தலை போல இருக்கிறது. வேரோடு வந்துவிட்டதா?

இல்லை. ஓய்வு முடிந்து விழும் எல்லா முடியிலும் அது இருக்கும். முடியை உண்டாக்கும் மயிர்க்கால் தோலுக்குள் பத்திரமாக இருக்கிறது.

காய்ச்சல் வந்து போய் மூன்று மாதம் ஆகிறது. இப்போது போய் ஏன் கைகொள்ளாமல் கொட்டுகிறது?

அந்த மூன்று மாத இடைவெளியே காரணத்தைச் சொல்லிவிடுகிறது. உடம்புக்குப் பெரிய அதிர்ச்சி ஒன்று வந்தால், வளர்ந்துகொண்டிருக்கும் முடியில் ஒரு பெரும் பகுதி ஒரே நேரத்தில் ஓய்வுக்குப் போய்விடுகிறது. ஓய்வு முடிந்து விழ இரண்டு மூன்று மாதம் ஆகும். அதனால் இன்றைக்குக் கொட்டும் முடிக்குக் காரணம் இன்றைய ஷாம்பு அல்ல, போன வாரம் மாற்றிய தண்ணீரும் அல்ல. காலண்டரைப் பின்னோக்கிப் புரட்டுங்கள். கடும் காய்ச்சல், கோவிட், டெங்கு, அறுவை சிகிச்சை, பிரசவம், மிக வேகமாக எடை குறைத்தது, நெருங்கியவரின் இழப்பு, புதிதாக ஆரம்பித்த ஒரு மருந்து என்று ஏதாவது ஒன்று பெரும்பாலும் கிடைக்கும்.

என் தங்கைக்குக் குழந்தை பிறந்து நாலாவது மாதம், குளியலறை வடிகாலை அடைக்கும் அளவுக்குக் கொட்டியது. நெற்றியோரம் தோல் தெரிந்தது. அழுதுகொண்டே இருந்தாள். அவளிடம் நெற்றியின் ஓரத்தை வெளிச்சத்தில் காட்டச் சொன்னேன். அரை அங்குல நீளத்தில், நுனி கூராக, நட்டுக்கொண்டு நிற்கும் புது முடிகள் வரிசையாக இருந்தன. விழும்போதே அடுத்தது வந்துகொண்டிருந்தது. இந்த வகையில் நீங்கள் தேட வேண்டிய நல்ல செய்தி அதுதான்.

காரணம் நீங்கிவிட்டால் கொட்டுவது ஆறு மாதத்துக்குள் பெரும்பாலும் அடங்கும். முடி மாதத்துக்கு ஏறக்குறைய 1 சென்டிமீட்டர்தான் வளரும் என்பதால், பழைய அடர்த்தி கண்ணுக்குத் தெரிய ஒரு வருடம், நீண்ட கூந்தல் என்றால் அதற்கு மேலும் ஆகும். இந்த வகையால் முழு வழுக்கை விழாது. ஆறு மாதம் கடந்தும் நிற்கவில்லை என்றால் இரும்புச்சத்துக் குறைவு, தைராய்டு, எடுத்துக்கொள்ளும் மருந்துகள் ஆகியவற்றைப் பார்க்க வேண்டும். சிலருக்குப் பரம்பரை மெலிவு ஏற்கெனவே ஆரம்பித்து மறைந்திருக்கும், இந்தக் கொட்டல்தான் அதை வெளியே கொண்டுவரும்.

அப்பாவுக்கு வழுக்கை இல்லை, தாய்மாமாவுக்கு உண்டு. எனக்கு வருமா?

வரலாம். ஆண் ஹார்மோனை ஏற்கும் ஏற்பிக்கான மரபணு எக்ஸ் குரோமோசோமில் இருக்கிறது. ஆண்களுக்கு அது அம்மா வழியாக மட்டுமே வரும். அதனால்தான் தாய்மாமாவையும் தாத்தாவையும் பார்க்கச் சொல்கிறார்கள். ஆனால் அது ஒன்று மட்டும் அல்ல, இன்னும் பல மரபணுக்கள் இரண்டு பக்கத்திலிருந்தும் சேருகின்றன. குடும்பத்தில் யாருக்குமே இல்லாமல் ஒருவருக்கு வருவதும் உண்டு.

1942இல் அமெரிக்காவில் ஜேம்ஸ் ஹாமில்டன் என்ற ஆய்வாளர் ஒரு விஷயத்தைப் பதிவு செய்தார். பருவம் அடைவதற்கு முன்பே விதைகள் செயலிழந்த ஆண்களுக்கு வழுக்கை விழவில்லை. அவர்களுக்கு டெஸ்டோஸ்டிரோன் கொடுத்தபோது, குடும்பத்தில் வழுக்கை இருந்தவர்களுக்கு மட்டும் விழ ஆரம்பித்தது. ஆக, ஹார்மோனும் வேண்டும், பரம்பரையும் வேண்டும். 1974இல் டொமினிக்கன் குடியரசின் ஒரு கிராமத்தில், டெஸ்டோஸ்டிரோனை டைஹைட்ரோடெஸ்டோஸ்டிரோனாக மாற்றும் நொதி பிறவியிலேயே குறைந்த ஆண்கள் இருப்பது வெளியே தெரிந்தது. அவர்களுக்கு வழுக்கை விழுவதில்லை, புராஸ்டேட்டும் சிறிதாகவே இருந்தது. அப்படியானால் தலையில் வேலை செய்வது டெஸ்டோஸ்டிரோன் அல்ல, அதிலிருந்து உண்டாகும் இந்த இரண்டாவது ஹார்மோன். அந்த நொதியைத் தடுக்கும் மாத்திரைதான் பின்னால் ஃபினாஸ்டரைடாக வந்தது.

இந்த ஹார்மோன் மயிர்க்காலை ஒரே நாளில் கொல்வதில்லை. ஒவ்வொரு சுற்றிலும் வளரும் காலத்தைக் கொஞ்சம் குறைக்கிறது, முடியின் தடிமனைக் கொஞ்சம் குறைக்கிறது. ஐந்து வருடம் வளர்ந்த முடி மூன்று வருடம், ஒரு வருடம், கடைசியில் சில மாதம் மட்டும் வளரும் பூனைமுடியாகிவிடுகிறது. கொட்டும் எண்ணிக்கை பெரிதாகக் கூடாமலே தலை காலியாவது இப்படித்தான்.

ஆரம்பத்திலேயே கண்டுபிடிப்பது எப்படி?

நெற்றியின் இரண்டு ஓரமும் மேலே ஏறுகிறதா, உச்சியில் தோல் தெரிகிறதா என்று பாருங்கள். உச்சியை நாம் பார்க்கவே மாட்டோம், அதனால் வேறு யாரையாவது படம் எடுக்கச் சொல்லுங்கள். அதே இடம், அதே வெளிச்சம், உலர்ந்த முடி, மூன்று மாதத்துக்கு ஒரு படம். கண்ணாடியில் தினமும் பார்ப்பவருக்குத் தெரியாத வித்தியாசம் படங்களை அடுத்தடுத்து வைத்தால் தெரிந்துவிடும். உச்சியில் ஒரு முடியையும் பிடரியில் ஒரு முடியையும் எடுத்து வெள்ளைத் தாளில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். உச்சி முடி தெளிவாக மெலிந்திருந்தால் தோல் மருத்துவரைப் பார்க்க வேண்டிய நேரம் வந்துவிட்டது.

பெண்களுக்கும் இப்படி வருமா?

வரும், அது சாதாரணமானதுதான். நெற்றி ஏறாது. வகிடு அகலமாகும், பின்னல் ஒல்லியாகும், ரப்பர் பேண்டை முன்பைவிட ஒரு சுற்று கூடுதலாகச் சுற்ற வேண்டிவரும். மாதவிடாய் நிற்கும் வயதில் பலருக்குத் தெரிய ஆரம்பிக்கிறது. இளம் வயதிலேயே வந்து, கூடவே மாதவிடாய் தள்ளிப்போவது, தாடையில் முடி, விடாத பருக்கள் இருந்தால் சினைப்பை நீர்க்கட்டிப் பிரச்சினைக்கான பரிசோதனை அவசியம்.

பெண்கள் "எல்லோருக்கும் கொட்டுகிறது" என்று தள்ளிப்போட்டு, பாதி அடர்த்தி போன பிறகு வருவதைப் பார்க்க வருத்தமாக இருக்கிறது. தலையில் தடவும் மினாக்ஸிடில் என்ற மருந்து பெண்களுக்கும் நன்றாக வேலை செய்கிறது, சீக்கிரம் வந்தால்.

மினாக்ஸிடில் போட்டால் இன்னும் அதிகமாகக் கொட்டுகிறதே, நிறுத்திவிடலாமா?

நிறுத்த வேண்டாம். நிறையப் பேர் சரியாக இந்த இடத்தில்தான் கைவிடுகிறார்கள். ஓய்வில் இருக்கும் மயிர்க்கால்களை மினாக்ஸிடில் தட்டி எழுப்பி வளர்ச்சிக்கு அனுப்புகிறது. கீழிருந்து புது முடி கிளம்பும்போது மேலே ஒட்டிக்கொண்டிருக்கும் பழைய முடி விழத்தான் வேண்டும். முதல் இரண்டு மாதத்துக்குள் வரும் இந்தக் கொட்டல் சில வாரத்தில் அடங்கிவிடும்.

இது முதலில் ரத்த அழுத்தத்துக்கான மாத்திரை. அதைச் சாப்பிட்டவர்களுக்கு உடம்பெல்லாம் முடி வளர்ந்ததைப் பார்த்துத்தான் தலையில் தடவும் மருந்தாக மாற்றினார்கள். அமெரிக்காவில் 1988இல் ஆண்களுக்கு அனுமதி கிடைத்தது, பெண்களுக்கு 1991இல்.

போடும் விதத்தில்தான் பலரும் தவறு செய்கிறார்கள். முடியில் அல்ல, தோலில் படவேண்டும். தலை உலர்ந்திருக்கும்போது, மெலிந்த இடத்தில் முடியை விலக்கி வகிடு எடுத்து, துளித்துளியாக விட்டு விரல் நுனியால் பரப்புங்கள். 5% திரவம் ஆண்களுக்கு 1 மில்லி வீதம் காலையும் மாலையும். இரண்டு மடங்கு போட்டால் இரண்டு மடங்கு முடி வராது. கையை உடனே கழுவுங்கள், படுக்கும் முன் காயவிடுங்கள், இல்லாவிட்டால் தலையணை வழியாக முகத்தில் பட்டு நெற்றியிலும் கன்னத்திலும் முடி முளைக்கும். அரிப்பும் செதிலும் வந்தால் பெரும்பாலும் திரவத்தில் உள்ள புரொபிலீன் கிளைக்கால்தான் காரணம், அது இல்லாத நுரை வகைக்கு மாறலாம். வீட்டில் பூனை இருந்தால் மிகுந்த கவனம் தேவை. கொஞ்சம் பட்டாலே பூனையின் உயிருக்கு ஆபத்து. கர்ப்பிணிகளும் பாலூட்டுபவர்களும் தவிர்க்க வேண்டும்.

பலன் தெரிய நாலு முதல் ஆறு மாதம். ஒரு வருடம் ஒழுங்காகப் போட்டுவிட்டுத்தான் பலன் இல்லை என்று முடிவுக்கு வரலாம். நிறுத்தினால் சில மாதத்தில் அதனால் வந்த முடி போய்விடும். இதைத் தெரிந்துகொண்டே ஆரம்பியுங்கள்.

இப்போது குறைந்த அளவு மினாக்ஸிடில் மாத்திரையையும் மருத்துவர்கள் எழுதுகிறார்கள். கால் வீக்கம், படபடப்பு, உடம்பில் முடி வளர்வது போன்றவை வரலாம் என்பதால் மருத்துவர் பார்வை இல்லாமல் எடுக்கவே கூடாது.

ஃபினாஸ்டரைடு மாத்திரைக்குப் பயப்பட வேண்டுமா?

பயப்பட வேண்டாம், விவரம் தெரிந்து எடுக்க வேண்டும். ஆண்களின் பரம்பரை வழுக்கைக்கு நம்மிடம் உள்ள நல்ல மருந்துகளில் இது ஒன்று. தினம் 1 மில்லிகிராம், 1997 முதல் இதற்காகப் பயன்பாட்டில் இருக்கிறது. ரத்தத்தில் டைஹைட்ரோடெஸ்டோஸ்டிரோனின் அளவை ஏறக்குறைய 70% குறைக்கிறது. மினாக்ஸிடில் முடியை வளர்க்கத் தூண்டுகிறது, இது முடியைச் சுருக்கும் காரணத்தையே தடுக்கிறது. இரண்டையும் சேர்த்தால் தனித்தனியாக எடுப்பதைவிட நல்ல பலன்.

சிறு விழுக்காட்டினருக்குப் பாலுறவு ஆர்வம் குறைவது, விறைப்பு குறைவது போன்ற பக்க விளைவுகள் வரும். பெரும்பாலானோருக்கு நிறுத்தியதும் போய்விடும். நிறுத்திய பிறகும் தொடர்ந்ததாகச் சொல்பவர்களும் இருக்கிறார்கள், அவர்கள் சொல்வதைத் தட்டிக்கழிக்கக் கூடாது. மனச்சோர்வும் கவனிக்க வேண்டியது. தற்கொலை எண்ணம் இதன் பக்க விளைவுகளில் ஒன்று என்று ஐரோப்பிய மருந்துக் கண்காணிப்பு அமைப்பு 2025இல் உறுதி செய்தது. முன்பே மனச்சோர்வு இருந்திருந்தால் மருத்துவரிடம் முதலிலேயே சொல்லுங்கள். மனநிலை மாறினால் மாத்திரையை நிறுத்திவிட்டு உடனே போய்ப் பாருங்கள்.

இன்னும் இரண்டு விஷயம். புராஸ்டேட் புற்றுநோய்க்கான பி.எஸ்.ஏ. ரத்தப் பரிசோதனையின் அளவை இது பாதியாகக் காட்டும், பரிசோதிப்பவரிடம் சொல்ல வேண்டும். கர்ப்பிணிகள் உடைந்த மாத்திரையைத் தொடக்கூடக் கூடாது, ஆண் சிசுவின் உறுப்பு வளர்ச்சியைப் பாதிக்கும். இதே காரணத்தால் மாத்திரை எடுக்கும் காலத்திலும் நிறுத்தி ஒரு மாதம் வரையிலும் ரத்ததானம் செய்யக் கூடாது.

பெண்களுக்கு, ஆண் ஹார்மோனின் வேலையைத் தடுக்கும் ஸ்பைரோனோலாக்டோன் போன்ற மருந்துகளை மருத்துவர் யோசிப்பார். அதை எடுக்கும்போதும் கர்ப்பம் தரிக்கக் கூடாது.

தலையில் வட்டமாக ஓரிடத்தில் மட்டும் முடி போய்விட்டது. வழவழவென்று இருக்கிறது. என்ன இது?

புழுவெட்டாக இருக்கலாம். புழுவோ பூச்சியோ கடிப்பதால் வருவது அல்ல, தொற்றும் அல்ல, ஒரே சீப்பைப் பயன்படுத்துவதால் பரவாது. உடம்பின் எதிர்ப்புச் சக்தியே மயிர்க்காலை எதிரியாக நினைத்துத் தாக்குகிறது. வட்டத்தின் ஓரத்தில் உற்றுப் பாருங்கள்: அடியில் மெலிந்து மேலே தடித்த, ஆச்சரியக்குறி போன்ற குட்டை முடிகள் தெரியும். சிலருக்கு நகத்தில் ஊசி குத்தியது போலச் சிறு பள்ளங்கள் இருக்கும்.

மயிர்க்கால் அழிவதில்லை, அதனால் எத்தனை வருடம் கழித்தும் முடி திரும்பி வர வாய்ப்பு இருக்கிறது. ஒன்றிரண்டு வட்டங்கள் மட்டும் என்றால் பலருக்கு ஒரு வருடத்துக்குள் தானே முளைத்துவிடும். வேகப்படுத்த, தோலுக்குள் ஸ்டீராய்டு ஊசி போடுவார்கள். எரிச்சல் உண்டாக்கும் சாறுகளைத் தேய்த்துத் தோலைப் புண்ணாக்க வேண்டாம்.

தலை முழுக்கப் போனவர்களுக்கு நீண்ட காலம் சொல்லிக்கொள்ளும்படி எதுவும் இல்லை. 2022இல் பாரிசிட்டினிப் மாத்திரைக்கு அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது, 2023இல் 12 வயதும் அதற்கு மேலும் ஆனவர்களுக்கு ரிட்லெசிட்டினிப் மாத்திரை வந்தது. எல்லோருக்கும் பலன் தராது, விலையும் அதிகம், தொற்று ஆபத்து இருப்பதால் கண்காணிப்பும் வேண்டும். இருந்தாலும் பல வருடம் புருவம்கூட இல்லாமல் இருந்தவர்களுக்கு முடி வந்திருக்கிறது. முன்பு "ஒன்றும் செய்ய முடியாது" என்று கேட்டுத் திரும்பியவர்கள் இன்னொரு முறை மருத்துவரைப் பார்ப்பது நல்லது.

குழந்தையின் தலையில் செதில் செதிலாக, உடைந்த முடியோடு சொட்டை. இதுவும் புழுவெட்டா?

செதிலும் அரிப்பும் இருந்தால் பூஞ்சைத் தொற்றாக இருக்க வாய்ப்பு அதிகம். இது பரவும். மேலே தடவும் களிம்பு மட்டும் போதாது, மருந்து வேருக்குள் போக வாரக்கணக்கில் மாத்திரை சாப்பிட வேண்டும். சீழ் கோத்து வீங்கினால் தாமதிக்காதீர்கள், தழும்பாகி முடி நிரந்தரமாகப் போய்விடும்.

ஷாம்பு, எண்ணெய், ஹெல்மெட், மொட்டை: எது உண்மை?

ஷாம்பு முடியைக் கொட்ட வைக்காது, விழ வேண்டியதைத்தான் கழுவி எடுக்கிறது. எண்ணெய் முடித்தண்டை மழமழப்பாக்கி உடைவதைக் குறைக்கும், மயிர்க்காலைத் திருப்பிக் கொண்டுவராது. ஹெல்மெட்டால் வழுக்கை விழாது, தாராளமாகப் போடுங்கள். மொட்டை அடித்தால் அடர்த்தி கூடாது, வெட்டிய நுனி மழுங்கலாக இருப்பதால் அப்படித் தோன்றுகிறது. பொடுகு மட்டும் இருந்தால் வழுக்கை விழாது, ஆனால் சொறிந்து சொறிந்து முடி உடையும், கீட்டோகொனசோல் ஷாம்பு போட்டுச் சரிசெய்துவிடுங்கள்.

இறுக்கிக் கட்டுவது மட்டும் உண்மையிலேயே கெடுதல். இழுத்துப் போட்ட கொண்டை, இறுக்கமான பின்னல், கூடுதலாக ஒட்டும் முடி எல்லாம் நெற்றியோர மயிர்க்கால்களைத் தினமும் இழுக்கின்றன. ஆரம்பத்தில் தளர்த்தினால் முடி திரும்பி வரும், பல வருடம் இழுத்தால் வராது. கட்டிய பிறகு தலை வலித்தால் அது இறுக்கம் அதிகம்.

பயோட்டின் மாத்திரை சாப்பிடலாமா?

பயோட்டின் குறைவு மிக அரிது. குறைவே இல்லாதவருக்கு அது முடி வளர்க்கும் என்பதற்கு நல்ல ஆதாரம் இல்லை. கெடுதல் வேறு உண்டு: அதிக அளவு பயோட்டின் தைராய்டு பரிசோதனையையும், மாரடைப்பைக் கண்டுபிடிக்கும் டிரோபோனின் பரிசோதனையையும் தவறாகக் காட்டக்கூடும். அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 2017இல் இதைப் பற்றி எச்சரித்தது. ரத்தம் கொடுக்கும் முன் மருத்துவரிடம் சொல்லுங்கள். வைட்டமின் ஏ, செலினியம் இரண்டும் அளவுக்கு மிஞ்சினால் அவையே முடியைக் கொட்ட வைக்கும்.

மாறாக, உடம்பின் இரும்புச் சேமிப்பைக் காட்டும் ஃபெரிட்டின் ரத்தத்தில் குறைவாக இருந்து இரும்புச்சத்து எடுத்துக்கொண்டால் பயன் உண்டு. உணவில் புரதம் போதாவிட்டாலும் முடி கொட்டும். பரிசோதனை என்று போனால் ரத்த எண்ணிக்கை, ஃபெரிட்டின், தைராய்டு, தேவைப்பட்டால் வைட்டமின் டி. இவ்வளவுதான் பெரும்பாலானோருக்கு வேண்டும்.

பி.ஆர்.பி., லேசர் சீப்பு?

பி.ஆர்.பி. என்பது உங்கள் ரத்தத்தைச் சுழற்றி, தட்டணுக்கள் நிறைந்த பகுதியைத் தலையில் ஊசியாகப் போடுவது. சிலருக்கு உதவுகிறது, ஆனால் தயாரிக்கும் முறை இடத்துக்கு இடம் மாறுவதால் பலனும் மாறுகிறது. லேசருக்கும் ஓரளவு பலன் உண்டு. முதலில் மருந்து, இவை அதற்குத் துணை.

முடி மாற்று அறுவை சிகிச்சை செய்துகொண்டால் தொல்லை தீர்ந்துவிடுமா?

முழுதாகத் தீராது. பிடரி முடி வழுக்கையை உண்டாக்கும் ஹார்மோனுக்கு அசைவதில்லை, உச்சியில் நட்டாலும் தன் குணத்தை விடுவதில்லை. 1959இல் நார்மன் ஓரன்ட்ரைக் என்ற தோல் மருத்துவர் எழுதிக் காட்டிய இந்த உண்மையின் மேல்தான் முழு சிகிச்சையும் நிற்கிறது. ஆனால் நட்டது நிற்கும், நடாத பழைய முடி அதைச் சுற்றி மெலிந்துகொண்டேதான் போகும். அதனால் மருந்தும் தொடர வேண்டும். பிடரியில் எடுக்கக்கூடிய முடிக்கும் ஓர் எல்லை உண்டு. இருபது வயதில் அவசரப்பட்டு நெற்றியைத் தாழ்வாக இறக்கி நட்டுவிட்டால், நாற்பதில் உச்சிக்கு நட முடி இருக்காது.

நட்ட முடி முதல் சில வாரத்தில் விழுந்துவிடும், அது எதிர்பார்த்ததுதான். மூன்று நாலு மாதத்தில் முளைக்கும், முழுத் தோற்றத்துக்கு ஒரு வருடம். செய்பவர் மருத்துவர்தானா, தோலைக் கீறுவது யார் கை என்று நேரடியாகக் கேளுங்கள். கேட்பதற்குக் கூச்சப்பட வேண்டாம்.

கீமோதெரபியில் முடி போவதைத் தடுக்க முடியுமா?

சில மருந்துகளுக்கு முடியும். மருந்து ஏறும்போது தலையைக் குளிரவைக்கும் தொப்பி அணிந்தால் ரத்த ஓட்டம் குறைந்து மயிர்க்காலுக்குப் போகும் மருந்தும் குறைகிறது. ரத்தப் புற்றுநோய்க்கு இது பொருந்தாது. சிகிச்சை தொடங்கும் முன்பே புற்றுநோய் மருத்துவரிடம் கேட்க வேண்டும். முடி போனாலும் சிகிச்சை முடிந்து சில மாதத்தில் பெரும்பாலும் திரும்பும், முதலில் சுருட்டையாகவோ வேறு நிறத்திலோ வரலாம்.

எப்போது ஒரு நாள்கூடத் தள்ளிப்போடக் கூடாது?

எரிச்சல், வலி, சிவப்பு, சீழ் இருந்தால். முடி போன இடத்தில் மயிர்க்காலின் சிறு துளைகளே தெரியாமல் தோல் பளபளப்பாக இருந்தால். நெற்றிக்கோடு பின்வாங்குவதோடு புருவமும் போனால். இவை தழும்பாக்கும் வகைகள். அங்கே மயிர்க்கால் அழிந்துகொண்டிருக்கிறது, போனது திரும்பாது, இருப்பதைக் காப்பாற்றுவதுதான் சிகிச்சை. சில நேரம் தோலில் சிறு துண்டு எடுத்துப் பரிசோதிப்பார்கள், மறுக்காதீர்கள்.

மருத்துவரிடம் போகும்போது என்ன கொண்டுபோக வேண்டும்?

கடந்த ஆறு மாதத்தில் வந்த நோய்கள், எடை மாற்றம், சாப்பிட்ட எல்லா மாத்திரைகளின் பட்டியல், சத்து மாத்திரைகள் உள்பட. பழைய படங்கள். குடும்பத்தில் இரு பக்கத்திலும் யாருக்கு எந்த வயதில் தொடங்கியது. பெண்கள் மாதவிடாய் விவரம். அன்றைக்குத் தலையில் எண்ணெயும், மெலிந்த இடத்தை மறைக்கும் பொடியும் வேண்டாம், முடியை விரித்தே போங்கள். தோல் மருத்துவர் டெர்மாஸ்கோப் என்ற உருப்பெருக்கியைத் தலையில் வைத்துப் பார்ப்பார், தடித்த முடியும் மெலிந்த முடியும் கலந்திருப்பது அதில் நன்றாகத் தெரியும். பார்த்துவிட்டு எந்த வகை என்று அவர் சொல்லும் பெயரை எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். பெயர் சொல்லாமல் நேராக மருந்துச் சீட்டு எழுதினால், "எனக்கு வந்திருப்பது எது?" என்று கேட்ட பிறகு எழுந்திருங்கள்.